நாற்பது விநாடிக் காகம்

அப்பா மூன்று தரம் பார்த்தார். மூன்று தரமும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது தரம் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் வடிவாத்தான் இருக்கு மோனை. ஆனா அந்த லாச்சி எங்கை?" என்று கேட்டார்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆறு வாரமாகச் செய்த டீசர் அது. நீளம் நாற்பது விநாடி. ஹேர்னிங்கில் எங்கள் தமிழ்ப் பள்ளியின் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு கார்ட்டூன் தொடர் செய்வது என்று முடிவெடுத்திருந்தோம். மொத்தம் ஆறு கதை, ஒவ்வொன்றும் நாலு நிமிடம். ஆண்டுவிழாவில் முதல் கதையைப் போடுவதாகத் திட்டம். அதற்கு ஒரு மாதம் முன்பே டீசர் வந்தால்தான் பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று எங்களில் விளம்பரம் படிக்கும் அக்கா சொன்னார். அவர் சொன்னால் நாங்கள் கேட்போம். எங்களில் உண்மையாகவே வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தான்.

கதை இதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு காகம் கடிதம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஹேர்னிங்குக்கு வருகிறது. இங்கே ஒரு டெனிஷ் காகத்தைச் சந்திக்கிறது. ஊர்க் காகத்துக்குக் கழுத்து மட்டும் சாம்பல் நிறம். இங்கத்தைய காகத்துக்கு முதுகும் வயிறும் சாம்பல் நிறம், தலையும் செட்டையும் கறுப்பு. "நீ ஏன் பாதி குளித்துவிட்டு நிற்கிறாய்?" என்று ஒன்றை ஒன்று கேட்கும். பிள்ளைகள் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆனால் கடிதம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராது. அதை ஒரு மேசை லாச்சிக்குள் ஒருவர் போட்டு மூடிவிடுவார். மிச்ச ஐந்து கதையும் அந்த லாச்சியைத் திறக்கும் கதைதான்.

லாச்சி என்றால் என்ன என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். மேசையிலே இழுத்துத் திறக்கிற பெட்டி. இந்தியாவில் 'டிராயர்', 'இழுப்பறை' என்பார்கள். எங்கள் வீட்டு லாச்சி ஒல்லாந்தர் விட்டுப்போன சொல், அவர்களுடைய 'லாட்ச'யிலிருந்து வந்தது. டெனிஷில் அதற்கு 'ஸ்கூஃபெ'. அதே 'ஸ்கூஃபெ' வினைச்சொல்லாக வந்தால் ஒருவரை ஏமாற்றமடையச் செய்வது என்று பொருள். இந்த இரட்டைப் பொருளைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அப்படிப்பட்ட லாச்சியைத்தான் நாங்கள் டீசரிலிருந்து வெட்டி எறிந்திருந்தோம். "சோகமாக இருக்கு, பிள்ளைகள் பயப்படுவார்கள்" என்று காரணமும் சொல்லிக்கொண்டோம்.

அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாமல், டீசர் என்றால் உண்மையில் என்ன, அது எங்கேயிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். இந்தப் பதிவு அந்தத் தேடலின் மிச்சம்.

முன்னோட்டம் என்பது சினிமாவோடு பிறந்த சங்கதி இல்லை. எங்கள் அப்பா அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். புதுப்படம் வந்தால் ஒலிபெருக்கி கட்டிய கார் ஒழுங்கைக்குள் வரும், அதிலிருந்து கலர் கலராக நோட்டீஸ் பறக்கும், பெடியள் செருப்பில்லாத காலோடு பின்னால் ஓடுவார்கள். படத்தைப் பார்க்காவிட்டாலும் நோட்டீஸ் கையில் இருக்கும். அதற்கும் முந்திய காலத்தில் பறை. கூத்திலே கட்டியக்காரன் முதலில் வந்து யார் வரப்போகிறார் என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் ராசா வருவார். கட்டியக்காரன் ராசாவின் முழுக்கதையையும் சொல்லிவிட மாட்டான். சொன்னால் விடியும்வரை யார் இருப்பார்கள்?

சினிமாவில் இது தொடங்கியது 1913 இல் என்று எழுதுகிறார்கள். நியூயோர்க்கில் மார்கஸ் லோ என்பவரின் தியேட்டர்களுக்கு விளம்பரம் பார்த்த நில்ஸ் கிரான்லண்ட், 'தி பிளெஷர் சீக்கர்ஸ்' என்ற மேடை நாடகத்துக்கு ஒரு சின்னப் படத்துண்டு செய்து தியேட்டரில் ஓட்டினார். அவர் சுவீடனில் பிறந்தவர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் இந்தத் துண்டுகளைப் படம் முடிந்த பிறகுதான் போட்டார்கள். பின்னால் இழுபட்டு வருவதால்தான் 'டிரெய்லர்' என்ற பெயர். படம் முடிந்ததும் சனம் எழும்பிப் போய்விடுகிறது என்று கண்ட பிறகு முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். பெயர் மட்டும் பின்னுக்கே நின்றுவிட்டது. அப்பா இப்போதும் 'ரெயிலர்' என்றுதான் சொல்வார். டீசர் அதிலும் சின்னது. கதையைக்கூடச் சொல்லாது, கிள்ளிவிட்டுப் போய்விடும்.

கார்ட்டூனிலே கிள்ளுவது எப்படி? இதற்கு டென்மார்க்கிலேயே ஒரு பழைய ஆசான் இருக்கிறார், எங்கள் எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் அறிமுகமானவர். ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் கதை எழுதியவர் என்று தெரியும். அவர் கடதாசி வெட்டுபவரும்கூட. விருந்துக்குப் போன வீடுகளில் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் மடித்த கடதாசியை வெட்டுவார். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அது என்ன உருவம் என்று தெரியாது. கதை முடியும்போது விரித்துக் காட்டுவார். ஆடும் பெண்கள், அன்னங்கள், கோட்டைகள். அந்த வெட்டுகளில் பல இன்றைக்கும் ஓடென்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளை ஏன் கதை முழுக்க அசையாமல் இருந்தது? அந்தக் கடதாசிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க. இதைவிட நல்ல டீசர் எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பிறகு ஏறத்தாழ ஐம்பது வருடம் கழித்து பெர்லினில் லோட்டே ரைனிகர் என்ற பெண் கறுப்புக் கடதாசியில் உருவங்கள் வெட்டி, கை கால் மூட்டுகளைக் கம்பியால் இணைத்து, கீழிருந்து வெளிச்சம் போட்டு, ஒவ்வொரு சட்டமாகப் படம்பிடித்தார். 1926 இல் வெளிவந்த அவருடைய 'இளவரசர் அஹ்மத்' படம் மூன்று வருட உழைப்பு. இன்று நம்மிடம் இருக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் அதுதான் ஆகப் பழையது. அதற்கு முன்பே, 1922 இல், அவர் நிவியாவுக்கு ஒரு விளம்பரப் படம் செய்திருக்கிறார். கைச்செலவுக்கு விளம்பரம், மனதுக்குப் படம். அனிமேஷன்காரர்களின் வாழ்க்கை அப்போதிருந்து பெரிதாக மாறவில்லை என்று எங்கள் அக்கா சொல்வார்.

ரைனிகரின் படத்தை முதல்முதல் பார்த்தபோது அம்மம்மா, "இது பாவைக்கூத்து மாதிரியெல்லோ" என்றார். சரிதான். ஆட்டுத்தோலில் வெட்டிய பாவையை வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கோடு ஆட்டுகிற அதே வேலை. எங்கள் முறையையும் இந்த இரண்டையும் பார்த்துத்தான் தீர்மானித்தோம். கணக்கு எளியது. ஐரோப்பியத் தொலைக்காட்சி அளவில் ஒரு விநாடிக்கு 25 சட்டம். நாற்பது விநாடிக்கு 1000 சட்டம். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு வைத்தாலும் 500 படம் கீறவேண்டும். ஐந்து பேரில் ஒழுங்காகக் கீறத் தெரிந்தவர் ஒருவர். அவரும் மருத்துவம் படிக்கிறார். அதனால் காகத்தை ஒன்பது துண்டாக வெட்டினோம். சொண்டு மேல், சொண்டு கீழ், தலை, உடம்பு, இரண்டு செட்டை, இரண்டு கால், வால். துண்டுகளைக் கணினியில் நகர்த்தினால் காகம் நடக்கும். நடக்கும் என்றுதான் நினைத்தோம். முதல் கிழமை அது நொண்டியது. காகம் தத்தித் தத்திப் போகும், கோழி மாதிரி ஒவ்வொரு காலாக வைத்தும் நடக்கும், இரண்டும் செய்யும் என்பதை வீட்டுக்குப் பின்னால் பாணைப் போட்டு வைத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

டென்மார்க்கின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படம் அண்டர்சனின் கதைதான். 'ஃபூர்டொய்', அதாவது சிக்கிமுக்கிப் பெட்டி. 1946 மே மாதம் வெளிவந்தது. ஜெர்மன் ஆக்கிரமிப்பு நடந்த வருடங்களில் கொப்பன்ஹேகனில் இளம் ஓவியர்கள் பலர் சேர்ந்து கீறினார்கள். பின்னாளில் பீங்கான், சுவரொட்டி என்று உலகப் பெயர் பெற்ற பியோர்ன் வின்பிளாட் அவர்களில் ஒருவர். அதில் வேலை செய்த இன்னொருவர் போர்கெ ரிங். அவர் பிறகு நெதர்லாந்துக்குப் போய், 'அன்னாவும் பெல்லாவும்' என்ற குறும்படத்துக்கு ஒஸ்கார் வாங்கினார். அடுத்த வருடம், 1947 இல், சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ 'சினிமா கதம்பம்' என்ற கார்ட்டூனை வெளியிட்டது. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் மேசை விளக்குக்குக் கீழே குனிந்திருந்தார்கள் என்று நினைக்க எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வயதுக்காரருக்கு நம்பக் கடினமான ஒன்று. 1988 ஒக்டோபர் 1 வரைக்கும் டென்மார்க்கில் நாடு முழுக்கத் தெரிந்த தொலைக்காட்சி டி.ஆர். ஒன்றுதான். அதில் விளம்பரம் இல்லை. அன்றைக்குத்தான் ஓடென்சேயிலிருந்து டி.வி.2 தொடங்கியது, விளம்பரங்களோடு. அதுவரை பிள்ளைகள் நிகழ்ச்சிக்கு முன்னால் ஒரு அறிவிப்பாளர் அம்மா வந்து புன்னகையோடு அடுத்து என்ன என்று சொல்வார். அதுதான் டீசர். போட்டிக்கு ஆள் வந்த பிறகுதான் கிள்ள வேண்டிய தேவை வந்தது. பிள்ளைகளுக்கான ராமஷாங் 2009 நவம்பரில் வந்தபோது, நிகழ்ச்சிகளுக்கு நடுவே பாட்டும் குட்டிப் படங்களும் குதித்துக்கொண்டே இருந்தன. என் தம்பி நிகழ்ச்சியைவிட அந்தக் குட்டிப் படங்களைத்தான் பார்த்தான்.

டி.ஆரில் ஓடிய பழைய கார்ட்டூன்களில் எனக்கு ஆகப் பிடித்தது 'சிர்கெலீனெ'. 1960களின் கடைசியில் வந்தது. ஹன்னெ ஹாஸ்ட்ரூப் உருவாக்கிய பாத்திரம், யானிக் ஹாஸ்ட்ரூப் இயக்கம். சிவப்புச் சட்டையில் கறுப்புப் பொட்டு வைத்த விரலளவுப் பெண்பிள்ளை. ஒரு ஓவியரின் மேசையில் தீப்பெட்டிக்குள் நித்திரை கொள்வாள். தீப்பெட்டியை இழுத்துத் திறந்தால் உள்ளே ஒரு ஆள்! கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தீப்பெட்டியும் ஒரு குட்டி லாச்சிதான். அந்த லாச்சியைப் பார்த்து ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. பெட்டி மூடியிருந்தால் உள்ளே என்ன என்றுதான் பிள்ளை கேட்கும். இது எனக்குப் பட்டபோது அப்பாவின் கேள்வி கொஞ்சம் விளங்கத் தொடங்கியது.

ஆனால் ஊகம் போதாது, சோதித்துப் பார்க்கவேண்டும். அதற்கு வழி சொல்லித் தந்தது 'செசமி ஸ்ட்ரீட்'.

அந்தத் தொடர் அமெரிக்காவில் 1969 நவம்பர் 10 ஆம் திகதி தொடங்கியது. அதற்கு முன்பே, தொலைக்காட்சி நிலையங்களுக்குக் காட்ட ஜிம் ஹென்சனின் பொம்மைகளை வைத்து ஒரு அறிமுகப் படம் செய்தார்கள். கெர்மிட் தவளையும் ரோல்ஃப் நாயும் வந்து இந்த நிகழ்ச்சி என்ன என்று விளக்குவார்கள். நடுவே ஒரு கூட்டம் பொம்மைகள் மேசையைச் சுற்றி இருந்து நிகழ்ச்சிக்கு என்ன பெயர் வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும். தங்கள் குழப்பத்தையே பகிடியாக்கிக் காட்டியிருக்கிறார்கள். நாங்களும் தொடருக்குப் பெயர் வைக்க மூன்று கூட்டம் போட்டவர்கள் என்பதால் அந்த இடம் எனக்கு நெருக்கமாக இருந்தது.

அதைவிட முக்கியம் அவர்களின் சோதனை. எட்வர்ட் பால்மர் என்ற ஆய்வாளர் ஒரு பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி, பக்கத்தில் இன்னொரு திரையில் ஏழெட்டு விநாடிக்கு ஒருமுறை மாறும் படங்களை ஓடவிட்டார். பிள்ளையின் கண் எந்த நேரத்தில் பக்கத்துத் திரைக்குப் போகிறது என்று குறித்துக்கொண்டார்கள். போனால் அந்த இடம் தோல்வி. பெரியவர்களின் அபிப்பிராயத்துக்கு அங்கே இடமில்லை. 1969 ஜூலையில் ஐந்து சோதனை நிகழ்ச்சிகளை ஃபிலடெல்ஃபியாவில் இப்படிப் பார்த்தார்கள். பொம்மைகள் வரும்போதும் கார்ட்டூன் வரும்போதும் பிள்ளைகள் கண்ணெடுக்கவில்லை. தெருவில் மனிதர்கள் மட்டும் நின்று கதைக்கும்போது கண் ஓடிவிட்டது. பொம்மையையும் மனிதரையும் ஒரே காட்சியில் கலந்தால் பிள்ளைக்கு எது நிஜம் என்று குழம்பும் என்று நிபுணர்கள் சொல்லியிருந்ததால் பிரித்து வைத்திருந்தார்கள். சோதனைக்குப் பிறகு நிபுணர் சொல்லைத் தள்ளிவைத்துவிட்டு, மனிதரோடு தெருவில் நிற்கப் பெரிய மஞ்சள் பறவையையும் குப்பைத்தொட்டி ஒஸ்காரையும் கொண்டுவந்தார்கள். இல்லாவிட்டால் அந்தத் தெரு இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இருந்திராது.

நாங்கள் ஒரு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் ஏழு பிள்ளைகளை வைத்து இதையே செய்தோம். ஒரு கணினியில் டீசர், பக்கத்துக் கணினியில் நாய்க்குட்டிப் படங்கள். (நாய்க்குட்டி போட்டது அநியாயம் என்று தம்பி இன்னும் சொல்கிறான்.) வெட்டி எறிந்த லாச்சிக் காட்சியையும் நாலு விநாடிக்கு உள்ளே போட்டு ஒரு புது வடிவம் செய்திருந்தோம். அந்த இடத்தில் இசை இல்லை. லாச்சி மூடுகிறது, காகம் கழுத்தைச் சாய்த்து அதைப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

நாங்கள் ஆகப் பெருமைப்பட்ட இடத்தில் எல்லாப் பிள்ளையும் நாய்க்குட்டிக்குப் போய்விட்டார்கள். அது 'எலியா' காட்சி. ஹேர்னிங் பிள்ளைகளுக்கு எலியாவைத் தெரியும், வெளியூர்க்காரருக்குச் சொல்கிறேன். பிர்க்கில் இங்வார் குரொன்ஹாமர் செய்த பிரமாண்டமான கறுப்புச் சிற்பம், 2001 இல் திறந்தது. குவிமாடத்துக்கு மேலே நாலு தூண். நடுவிலிருந்து திடீரென்று நெருப்பு வெளியே பாயும். எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதுதான் அதன் வேலையே. எங்கள் டீசரில் காகம் அதற்கு மேலே பறக்கும்போது நெருப்பு பாய்ந்து வால் கருகும். பெரியவர்கள் எல்லாரும் கைதட்டிய காட்சி. பிள்ளைகளுக்கு அது வெறும் சத்தம். அடுத்ததாகத் தோற்ற இடம், தொடரின் பெயர் எழுத்தில் வந்த இடம். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தைக் காட்டினால் அது நாய்க்குட்டியைத்தானே பார்க்கும்? லாச்சி மூடிய நாலு விநாடியில் ஒரு பிள்ளையும் கண்ணெடுக்கவில்லை. முடிந்ததும் ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று, "அந்தக் கடிதம் ஆருக்கு?" என்று கேட்டது.

இதே வேலையை எங்கள் பக்கத்து நாடுகளில் மிகப் பெரிய அளவில் செய்தவர் ராம் மோகன். 1931 இல் பிறந்தவர், மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்துவிட்டு 1956 இல் பம்பாய் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். ரஜினியின் 'ராஜா சின்ன ரோஜா' பாட்டிலே கார்ட்டூன் மிருகங்கள் ஆடுமே, 1989, அது ராம் மோகனின் கைவண்ணம். 1990களில் யுனிசெஃப் தென்னாசியப் பெண்பிள்ளைகளுக்காக 'மீனா' தொடரைத் தொடங்கியபோது அந்தப் பாத்திரத்தைக் கீறியவரும் அவர்தான். மீனாவுக்கு என்ன உடுப்புப் போடுவது என்பது பெரிய கேள்வி. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் என்று எங்கே பார்த்தாலும் தன் ஊர்ப் பிள்ளை என்று தோன்றவேண்டும். ஓவியங்களைக் கிராமங்களுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளிடமும் தாய்மாரிடமும் காட்டிக் காட்டி மாற்றினார்கள். பெயரும் அப்படித்தான், எல்லா இடத்திலும் புழங்குகிற பெயராகத் தேடி எடுத்தது. மீனாவின் கிளி மிட்டுவை வங்காளத்துப் பிள்ளையும் நேபாளத்துப் பிள்ளையும் தங்களுடையது என்றே நினைத்தார்கள்.

எங்களுக்கும் அதே சண்டை வந்தது. கதையில் கடிதத்துக்காகக் காத்திருக்கும் சின்னப் பெண்ணுக்குப் பாவாடை சட்டையா, ஜீன்ஸா? அம்மாமார் பாவாடை என்றார்கள். பிள்ளைகள், "அவளுக்குக் குளிராதா?" என்று கேட்டார்கள். கடைசியில் குளிர்காலத்துக்கு நாங்கள் எல்லாரும் சின்ன வயதில் போட்டு, உள்ளே வியர்த்து, கழற்ற முடியாமல் அழுத அந்த முழு உடுப்பைத்தான் போட்டோம். தலையில் மட்டும் அம்மம்மா பின்னிவிடுகிற இரட்டைப் பின்னல், சிவப்பு ரிபன்.

இப்போது லாச்சி.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டென்மார்க்குக்கு வந்த தமிழர் பெரும்பாலும் இளம் ஆண்கள். மனைவி பிள்ளைகளைப் பிறகு கூப்பிடலாம் என்று வந்தவர்கள். அந்த வருடத்து வெளிநாட்டவர் சட்டப்படி அகதி ஒருவர் குடும்பத்தை அழைப்பது உரிமை, யாருடைய தயவும் இல்லை. 1987 இல் நீதியமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழர்களின் குடும்ப விண்ணப்பங்களை எடுக்காமல் ஒதுக்கி வைக்கச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை. கோப்புகள் நகரவில்லை, அவ்வளவுதான். 1989 இல் மக்கள் முறையீட்டு அலுவலரான ஹான்ஸ் கமெல்டொஃப்ட்-ஹான்சன் இதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தார். அதே வருடம் பிரதமர் போல் ஸ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழும்பி, எதையும் கம்பளத்துக்குக் கீழே கூட்டித் தள்ளவில்லை என்ற பொருளில் சொன்னார். உயர்நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோன்ஸ்லெட்டின் விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது, ஆயிரக்கணக்கான பக்கங்கள். ஸ்லூட்டரின் அரசாங்கம் பதவி விலகியது. அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றம் 1910 க்குப் பிறகு முதல் தடவையாகக் கூடி, 1995 ஜூன் 22 அன்று நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. டெனிஷ் சரித்திரப் புத்தகத்தில் இதற்கு 'தமிழர் வழக்கு' என்றே பெயர். வகுப்பில் இந்தப் பாடம் வந்த அன்று எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பரீட்சைக்குத் திகதிகள் மட்டும்தான் வரும் என்று ஆசிரியர் சொன்னார்.

அப்பா 1986 இல் வந்தவர். அம்மா 1990 இல். நடுவே இருந்த வருடங்களைப் பற்றி வீட்டில் கதைப்பதில்லை. எங்கள் தொடரின் கதையை ஊரில் பல பெரியவர்கள் சொன்னதைச் சேர்த்து எழுதினோம். அப்பா ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எழுதியதை வாசித்துவிட்டுத் தாளை மடித்துத் திருப்பித் தந்தார்.

அதனால்தான் முகங்களைக் கீறாமல் காகத்தைக் கீறினோம். இதற்கும் பக்கத்திலேயே ஒரு முன்னோடி உண்டு. ஹேர்னிங்கிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் போனால் வீபோர். அங்கே பழைய இராணுவ முகாமில் 1988 இல் தொடங்கிய 'தி அனிமேஷன் வேர்க்‌ஷொப்' இருக்கிறது. இப்போது வி.ஐ.ஏ. கல்லூரியின் ஒரு பகுதி. உலகம் முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து படிக்கிறார்கள். ஜோனாஸ் போஹர் ராஸ்முசனின் 'ஃப்ளீ' படம் அங்கே நடந்த ஆவணப்பட அனிமேஷன் பட்டறை ஒன்றில்தான் உருவம் எடுக்கத் தொடங்கியது. ஆப்கானிஸ்தானிலிருந்து டென்மார்க்குக்குத் தனியாக வந்த ஒரு நண்பரின் உண்மைக் கதை. பெயரும் மாற்றம், முகமும் கீறிய முகம். முகத்தை மறைத்ததால்தான் அவரால் வாய் திறந்து கதைக்க முடிந்தது. 2022 இல் அது ஒரே வருடத்தில் சிறந்த ஆவணப்படம், சிறந்த அனிமேஷன், சிறந்த வெளிநாட்டுப் படம் என்று மூன்று ஒஸ்கார் பிரிவிலும் பரிந்துரைக்கப்பட்டது. வேறு எந்தப் படத்துக்கும் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. 16 வயதுக்குக் குறைந்தவர்கள் பெரியவர்களோடு இருந்து பாருங்கள்.

டீசரைத் திரும்பச் செய்தோம். எலியா போய்விட்டது. எனக்கு மனமில்லை, ஆனால் ஏழு பிள்ளைகளின் தீர்ப்புக்கு மேன்முறையீடு இல்லை. தொடரின் பெயரை எழுத்தில் போடாமல் காகமே சொல்கிறது. பகிடி முதல் இருபது விநாடிக்குள். பிறகு மேசை, கை, கடிதம், லாச்சி. கையை யாருடைய கை என்று தெரியாத மாதிரி வைத்தோம், சட்டைக் கை மட்டும். நாலு விநாடி அமைதி. பிறகு லாச்சிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு கரைதல்.

லாச்சி மூடும் சத்தம்தான் சரிவரவில்லை. இணையத்தில் எடுத்த சத்தங்கள் எல்லாம் புது லாச்சிகள், வழுக்கிக்கொண்டு மூடுகின்றன. எங்கள் குசினியில் அப்பா வந்த காலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய மேசை ஒன்று இருக்கிறது. அதன் லாச்சி இடையில் ஒருமுறை இறுகி, பிறகு டக்கென்று மூடும். கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து நான் இழுத்து மூடினேன். அப்பா தேத்தண்ணி போட்டுக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

"நீ கோவத்திலை மூடுறாய்," என்றார். "அவை அப்பிடி மூடயில்லை. கோவம் ஒண்டும் இல்லை அவைக்கு. தள்ளு."

கையைத் துடைத்துவிட்டு வந்து இருந்தார். லாச்சியை இழுத்தார், உள்ளே கிடந்த கரண்டிகளை வெளியே எடுத்து வைத்தார், பழைய மின்சாரக் கடிதம் ஒன்றை உள்ளே போட்டார். ஒரு விரலால் மூடினார். சரியில்லை என்று தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப இழுத்தார். ஆறு தரம். ஏழாவது தரம் மூடிய பிறகு, "பதிஞ்சிட்டியோ?" என்று கேட்டார். பதிந்திருந்தது. கரண்டிகளைத் திரும்ப லாச்சிக்குள் அடுக்கத் தொடங்கினார், பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம்.